ஸ்வெட்டருக்குள் காய்ந்த கையுறைகள்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது நனைந்த நாய்க்குட்டியின் வாசனை. நாங்கள் நாய் வளர்க்கவில்லை. கார் கழுவும் கையுறைகள் இரண்டைத்தான் வளர்த்தோம்.

அப்பா குன்னூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். தேயிலை விலை விழுந்து, ஃபாக்டரியைப் பூட்டி, லாரியையும் விற்ற பிறகு, டவுன் லாட்ஜ் ஒன்றில் தங்க வருபவர்களின் கார்களைக் காலையில் கழுவும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் "லைன்" வீடுகளில் பாதிப் பேர் அதற்குள் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் மொசுமொசுவென்று முடி வைத்த அந்தக் கையுறைகளைக் கொடுத்தபோது, கார் ஒன்றில் கீறல் விழுந்ததால்தான் முந்தைய ஆளை நிறுத்தியதாகவும் சொல்லியனுப்பினார். கையுறை முடிக்குள் ஒரு மண் துகள் தங்கினாலும் கீறல் விழும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம்.

அப்பா அவற்றைக் கொண்டுவந்ததும், அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, முடியை விரலால் பிரித்துப் பிரித்து மண் எடுப்பாள். தண்ணீர் தெளியும்வரை அலசி, முறுக்காமல், பழைய துண்டில் வைத்து அழுத்துவாள். கடைசியில் என்னைக் கூப்பிடுவாள். "கன்னத்துல வெச்சுப் பாரு கண்ணு, குத்துதா?" நான் இல்லையென்று தலையாட்டிய பிறகுதான் அப்பா தட்டின் முன் உட்காருவார்.

காய வைப்பதுதான் பெரும்பாடு. ஈரத்தோடு விட்டால் முடி திரண்டு கட்டியாகிவிடும்; கட்டிக்குள் மண் தங்கும். ஃபாக்டரி ஓடிய காலத்தில் தேயிலையை உலர்த்தும் "டிரையர்" அறையின் பின்சுவர் எந்நேரமும் சுடும்; கம்பளி, பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் லைன்காரர்கள் அங்கேதான் உலர்த்துவோம். ஃபாக்டரி நின்றதும் அந்தச் சூடும் நின்றது. அடுப்புக்கு மேல் ஒருமுறை தொங்கவிட்டதில் முடிநுனி கருகித் தேங்காய் நார்போல் ஆகிவிட, கருகியதையெல்லாம் அப்பா விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்தார்.

அதற்குப் பிறகுதான் அம்மா கையுறைகளை ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு வைத்துக் காய வைக்க ஆரம்பித்தாள். சமைப்பதும் விறகு பொறுக்குவதும் தூங்குவதும் அவற்றோடுதான். பக்கத்து வீட்டு செல்விக்கா புடைத்த ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, மறுபடியும் விசேஷமா?" என்று சீண்டினாள். "ஆமா சாமி, ரெட்டப் புள்ளைங்க. வேற யாருக்கும் சொல்லிப்போடாத, கண்ணு பட்டுரும்" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அப்பா தடுக்காமல் இல்லை. "போதும், வெளிய எடு. உனக்கு ஏதாச்சும் ஆயிரும்" என்பார். "எனக்கென்னங்க ஆகப்போகுது, காஞ்சிரும்ங்க" என்பாள். விடிந்ததும் உலர்ந்த கையுறைகளை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் பஸ் ஏறிவிடுவார்.

மழை விடாத ஒரு வாரத்தில் அம்மாவால் அடுப்படியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு விசில்போல் கேட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றியதும் இரண்டு கையுறைகளும் ஈரத்தோடு தரையில் விழுந்தன. "என்னங்க இது?" என்று அவர் கேட்க, அப்பா குனிந்து அவற்றைப் பொறுக்கித் தன் துண்டில் சுற்றினார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். அம்மா பிழைக்க மாட்டாள் என்றே நான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா மேனேஜரிடம் போய், வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். "இங்க பாய்லர் ரூம் இருக்கேப்பா, ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டா காஞ்சிட்டுப் போகுது. முன்னாடியே ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?" என்றாராம் அவர். அதைச் சொல்லிவிட்டு அப்பா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விசும்பினார். "கேட்டா, இவனுக்கு ஒரு கையுறையக்கூட வெச்சுக்கத் தெரியலேன்னு அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன் கண்ணு."

அம்மா வீடு திரும்பினாள். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்குமான ஏற்றத்தை, உயிரோடு இருந்தவரைக்கும் அவளால் நிற்காமல் ஏற முடியவில்லை.

இப்போது அந்த ஃபாக்டரி இருந்த இடத்தில் உண்ணிச்செடிதான் மண்டிக் கிடக்கிறது. கோயமுத்தூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் மெஷின் கார் கழுவுகிறது. யாரும் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் உலர்த்துவதில்லை. என் மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வாரம் ஒருமுறை பேசும்போது, ஏதாவது வேண்டுமா என்று கேட்பேன். "ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாம் இருக்கு" என்பாள். மற்ற தாய்மார்களுக்கு அது நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அம்மாவின் "எனக்கென்னங்க ஆகப்போகுது" தான் காதில் விழும். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். நான் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.