சந்தனம் வைத்த பம்பு

மலேசியாவில், குருண் என்ற ஊரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பம்பு இருந்தது. மோட்டார் கிடையாது, சுழல்வது எதுவும் கிடையாது, சத்தமும் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவம், அதில் முழுகிய இரண்டு உலோக வலைகள். வலைகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், நடுவில் உண்டாகும் மின்புலம் திரவத்தை இழுத்துக்கொண்டு ஓடும். கணினிப் பலகைகளைக் குளிர்விப்பதற்காகச் செய்தது. அதைச் சோதிப்பது என் வேலை. பெட்டியைத் துடைத்துத் திரவம் ஊற்றி மூடுவது, பக்கத்து ஊரான செமிலிங்கிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்காவின் வேலை.

அக்கா பல வருடமாக ஏஜென்ட் மூலம் வரும் ஒப்பந்த ஆள். பம்பு சோதனையில் தேறினால் நிரந்தரமாக்குவதாகச் சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் நம்ம தமிழ் ஆள்தான். "இது மட்டும் ஓடிருச்சுன்னா, ஏஜென்ட்டுகிட்ட இனி கெஞ்ச வேணாம்லா தம்பி," என்பார் அக்கா.

சோதனைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் இடத்தில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், விபூதி உண்டு. சீன மேனேஜரே வாழைப்பழம் வாங்கித் தருவார். சூப்பர்வைசர்தான் பூசணிக்காய் உடைத்தார். "ஒரு மெஷினும் விடக்கூடாதுக்கா," என்று தட்டைக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா விடவில்லை. பம்பின் மூடியைத் திறந்து, வலையின் விளிம்பில் ஈரச் சந்தனம் வைத்து, மேலே ஒரு சிட்டிகை விபூதியும் போட்டிருக்கிறார். "வெளிய இருக்கறது வெறும் பெட்டி. வேலை செய்யறது உள்ளதானே தம்பி," என்று பிறகு என்னிடம் சொன்னார். நன்றாகத் துடை என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று எவனும் சொல்லவில்லை.

அந்தத் திரவத்துக்கு ஈரமும் தூசியும் ஆகவே ஆகாது. மறுநாள் காலை மின்சாரம் கொடுத்ததும் வலைகளுக்கு நடுவே நீலப் பொறி வெடித்தது. திரவம் கறுத்துப் போனது. மூடியைத் திறந்து பார்த்த சூப்பர்வைசர் அக்காவிடம், "நாளையிலருந்து வர வேணாம்," என்றார்.

"அண்ணே, ஒரு மெஷினும் விடாதன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கும் வேலை வேணும்ல?" என்றார்.

அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பெட்டியைக் கழுவி, உலர்த்தி, புதுத் திரவம் ஊற்றினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இதற்குத்தான் ஒரு மனுஷியின் பிழைப்பைப் பிடுங்கினார்கள். மாலையில் பம்பு சத்தமே இல்லாமல் ஓடியது. சோதனையில் தேறியது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் கைகொடுத்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, பம்பு ஓடுச்சா?"

"ஓடிருச்சுக்கா."

அவர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. "பாத்தியா, சாமி கைவிடல. அப்ப நாளைக்கு நான் அதே பஸ்ஸுக்கு வந்திரட்டா?"