விருந்தாளி நட்ட கராம்பு

முதலில் சத்தம்தான். ஈர விறகில் நெருப்புப் பிடிக்கும்போது வருவதைப் போல, சின்னச் சின்ன வெடிப்பு. அதன் பின்னால் கராம்பு மணம்.

மாசி மாதக் குளிர். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் நான் துப்புரவு வேலை செய்த ஆஸ்பத்திரியின் பின்கதவு. புகைப்பவர்கள் நிற்கும் இடத்தில் பனி மிதிபட்டுக் கறுத்துக் கிடந்தது. புதிதாக எங்கள் பகுதிக்கு வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ஒரு கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு சிகரெட் பிடித்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அது சடசடத்தது. புகையிலையோடு கராம்புத் துகள் கலந்த சிகரெட். நெருப்புத் தொட்டால் வெடிக்கும். எனக்கு அது தெரியும். ஒன்றரை வருடம் அந்தப் புகைக்குள் படுத்து எழும்பியவன் நான்.

குப்பைப் பையைக் கீழே வைத்தேன். பத்து வருடமாக நாக்கில் எடுக்காத மொழியில் கேட்டேன்: "எந்த ஊர்?"

அவள் கையிலிருந்த சிகரெட் பனியில் விழுந்தது.

"கடவுளே! இதை எங்கை படிச்சனீ? அசல் மலைக்காட்டான் மாதிரிக் கதைக்கிறாய். எங்கட துறைமுகத்திலை இப்பிடிக் கதைச்சால், பண்டிக்குட்டி விக்க வந்தவன் எண்டு சிரிப்பினம்."

அவளும் அவளுடைய நாட்டுச் சனமும் பேசியதையெல்லாம் எங்கள் ஈழத்துப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதுக்குள் அது அப்படித்தான் இறங்கிக் கிடக்கிறது.

அவள் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரி. நான் இருந்த மலைக்கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவள் அங்கே போனதில்லை. "அங்கை ஆர் போறது, பேயே?" என்றாள். ஆனால் அவளுடைய அண்ணன் அந்த மலைப்பாதையில்தான் லொறி ஓட்டுகிறான். சனமும் கோழியும் சீமெந்தும் ஒன்றாக ஏறுகிற லொறி.

"அப்ப ஒரு உதவி செய்," என்றேன். "அங்கை எனக்கு நாப்பது கராம்பு மரம் நிக்குது. எப்பிடி இருக்குதெண்டு கேட்டுச் சொல்லச் சொல்லு."

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். எங்களை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அந்தத் தீவின் கரையில் இறக்கிவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று போனான். போனவன் போனவன்தான். மற்றவர்கள் எப்படியோ தலைநகரத்துக்குத் திரும்பினார்கள். எனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. நான் மன்னார்க் கத்தோலிக்கன். அந்தத் தீவும் கத்தோலிக்கத் தீவு. என் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கண்ட ஒரு பங்குத்தந்தை, பொலிஸ் எட்டிப் பார்க்காத மலைக்கு என்னை ஏற்றி அனுப்பினார். லொறி ஓர் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இரண்டு மணித்தியால நடை.

முப்பது வீடுகூட இல்லை. மின்சாரம் இல்லை. தண்ணீர் மூங்கிலுக்குள்ளால் வரும். காலை ஒன்பது மணி வரைக்கும் மேகம் முற்றத்தில் பன்றிகளோடு படுத்திருக்கும். என்னை வீட்டில் ஏற்றுக்கொண்ட மனிதரை நான் காக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற அதே சொல், கடல் கடந்த அந்த மலையிலும் அண்ணனுக்கு இருந்தது. அது போதும் எனக்கு. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

காக்கா நல்லவர். இதை நான் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு எழுத மனம் வராது. ஒருமுறை பொலிஸ்காரன் ஒருவன் மூச்சுவாங்க மலையேறி வந்து, "இவன் ஆர்?" என்று கேட்டான். காக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "என்ரை தம்பி. வெயிலிலை விட்டுட்டம், கறுத்துப் போனான்," என்றார். முற்றம் முழுக்கச் சிரித்தது. பொலிஸ்காரனும் சிரித்தான். சோளக் கஞ்சி குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

அந்த ஊரில் காணி உறுதி என்று ஒரு காகிதம் எவரிடமும் இல்லை. நானோ, போன இடமெல்லாம் உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு அலைந்தவன். எங்கள் வீடு ஆமிக்காரனின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. அதன் உறுதி இன்றைக்கும் மொன்றியலில் என் அலுமாரிக்குள். அங்கே அப்படியில்லை. மரம்தான் உறுதி. இந்தப் பலாவை நட்டது இன்னாருடைய கை, அந்தத் தென்னையை நட்டது செத்துப்போன இன்னாருடைய கை என்று குழந்தைகூடச் சொல்லும். நட்ட கைக்கு மரம். மரத்தின் வேர் போன தூரத்துக்கு நிலம். இவ்வளவும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கேட்காமல் விட்டது ஒன்று.

காக்காவின் தம்பி செத்துப்போய்விட்டான். அவனுடைய பெண்சாதி, பிள்ளையில்லாதவள், முற்றத்தின் அந்தப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். அவளை அக்கா என்றேன். புருசனும் அவளுமாகக் காடு வெட்டித் திருத்திய ஒரு சரிவு அவளுக்கு இருந்தது. சோளமும் பயறும் போடுவாள். அவளுக்கென்று சொல்ல அந்தச் சரிவைத் தவிர ஒன்றுமில்லை.

மழை தொடங்கிய காலம். பழைய சோளம் முடிந்து, புதியது விளையாத பசி மாதங்கள். காக்கா வீட்டில் ஏழு வாய், நான் எட்டாவது. ஏழெட்டு மாதமாகத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் பாதியை எனக்குத் தள்ளிய மனிதரிடம் அப்போது தள்ள ஒன்றுமில்லை. அந்த நாட்களில்தான் மத்தியானத்தில் படியில் ஒரு கோப்பை வந்து இருக்கத் தொடங்கியது. வாழையிலையால் மூடியிருக்கும். மரவள்ளியும் பப்பாசிப் பூச் சுண்டலும். அக்கா வைத்துவிட்டுப் போவாள், நின்று பார்க்கமாட்டாள். மூன்று மாதம். ஒரு நாளும் தவறவில்லை.

அப்படி ஒரு காலையில் காக்கா என்னிடம் நாற்பது கராம்புக் கன்றுகளைத் தந்தார்.

"சும்மா இருந்தால் உனக்கும் விசர் பிடிக்கும், தம்பி. அந்தச் சரிவிலை நட்டு விடு. இருபதடிக்கு ஒண்டு."

"அது அக்காவின்ரை காணியெல்லோ?"

"எல்லாம் ஒரு வீடுதானே. நீ நடு."

நட்டேன். வேலையில்லாத கைக்கு வேலை கிடைத்த சந்தோசம். ஒவ்வொரு கன்றுக்கும் நிழலுக்குத் தென்னோலை குத்தினேன். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு பெயர் வைத்தேன்: ஊரில் விட்டுவந்த ஆட்களுடைய பெயர்கள். பாதி வேலையில் அக்கா கூடையோடு வந்து வரம்பில் நின்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நட்ட கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பிப் போனாள். அன்றைக்கு மத்தியானமும் கோப்பை வந்தது. வாழையிலை மூடியபடி.

அடுத்த வருடம் மொன்றியலில் இருந்த என் தமக்கை ஸ்பொன்சர் செய்து, நான் இங்கே வந்தேன். லொறியடி வரை நடந்து வந்த காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ரை மரத்தை நான் பார்ப்பன்," என்றார். பத்து வருடமாக அந்த வார்த்தையைக் கொண்டாடித் திரிந்தேன். கோவில் மண்டபத்தில், பிறந்தநாள் வீடுகளில், இரண்டாவது பியருக்குப் பிறகு: "எனக்கு இந்தோனேசியாவிலை தோட்டம் கிடக்கு, தெரியுமோ?" சிநேகிதர்கள் எனக்கு 'முதலாளி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். நாடில்லாதவனுக்கு எங்கோ ஒரு மலையில் நாற்பது மரம் நிற்கிறது என்பது சின்ன விசயமா? பனிக்காலத்தில் பஸ்சுக்கு நிற்கும்போது கண்ணை மூடினால் இலை அசையும்.

மூன்று கிழமையில் லொறிக்காரனிடமிருந்து செய்தி வந்தது. அதே பின்கதவடியில் அவள் சொன்னாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

"கராம்பு நட்ட ஆளோ கேட்டனுப்பினது எண்டு அண்ணனைச் சுத்தி நிண்டிட்டினமாம். உன்னாலை அங்கை பெரிய வழக்கு நடக்குது. நீ என்ன மடையனோ? விருந்தாளி அங்கை சோளம் நடலாம், பயறு நடலாம். மரம் நடக்கூடாது. ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லையோ?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப உன்னட்டைக் கன்று தந்தவன் கெட்டிக்காரன்."

அவள் விளக்கினாள். காக்கா தன் கையால் நட்டிருந்தால், தம்பி பெண்சாதியின் நிலத்துக்குக் கை நீட்டுகிறான் என்று அன்றைக்கே ஊர் கூடிப் பிடுங்கியிருக்கும். விருந்தாளி நட்டதைப் பிடுங்க முடியாது. அது விருந்தாளியைக் கழுத்தில் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். விருந்தாளி போன பிறகு அவன் மரம், அவனுக்குச் சாப்பாடு போட்ட வீட்டைச் சேரும். மரத்தோடு மண்ணும். எட்டு வருடத்தில் மரங்கள் நிழல் கட்டி, அதன் கீழே சோளம் வராமல் போய்விட்டது. இப்போது கராம்பு பூக்கிறது. பறிப்பது காக்கா. அக்கா எங்கோ ஒரு கல்லுப் பள்ளத்தில், யாரோ இரங்கிக் கொடுத்த துண்டில், மரவள்ளி கொத்திக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. வெங்காயம் வெட்டிய கையை நிறுத்தவேயில்லை.

"உங்களுக்கு இது விளங்கேல்லையாப்பா? வேலி அடைக்கேக்கை ஒவ்வொரு வரியமும் கதியால் தடியைப் பக்கத்துக் காணிக்கை ஒரு விரல் அரக்கி நடுற சனத்துக்கை பிறந்தனீங்கள். உயிர்க் கதியால் வேர் விட்டால் பேந்து ஆர் பிடுங்கிறது? அதேதானே இது."

அதேதான். எங்கள் வேலி வழக்குகளைப் பற்றிக் கிண்டலாகக் கவிதை எழுதியவன்கூட நான். கதியாலை அரக்கியவனைத் தெரியும், அரக்கப்பட்டவனைத் தெரியும். நானே கதியாலாக நடப்பட்டிருப்பது மட்டும் தெரியவில்லை. அந்தக் கோப்பைப் பாதி, "என்ரை தம்பி" என்ற அந்தப் பொய், லொறியடிக் கண்ணீர். எதைத் தொட்டாலும் இப்போது அடியில் ஒரு கன்று இருந்தது. எல்லாம் கணக்குப் போட்டுச் செய்ததா? இல்லை, அன்பும் இருந்து, ஆசையும் இருந்து, இரண்டும் ஒரே கையால் என்னைத் தடவினதா?  

தானும் எனக்குச் சாப்பாடு போட்டதாக அக்கா வழக்கில் சொல்லியிருந்ததால், ஊர்ப் பெரியவர்கள் என் வாயால் ஒரு சொல் கேட்க வேண்டும் என்றார்களாம்: நான் எந்த வீட்டில் சாப்பிட்டேன். நான் சொல்கிற வீட்டுக்கு மரம்.

"உள்ளதைச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

"உள்ளது ரண்டு வீடப்பா."

ஒரு ஞாயிறு பின்னேரம். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய ஃபோன் காட்டைச் சுரண்டி இலக்கம் அடித்தேன். எனக்குச் சொல் தடக்கினால் எடுத்துத் தர, வேலையிடத்துப் பெண் பக்கத்தில் இருந்தாள். அங்கே திங்கட்கிழமைக் காலை. சிக்னல் கிடைப்பதற்காக ஊரே மலையுச்சிக்கு ஏறியிருந்தது. லொறிக்காரனின் மொபைல். காற்று இரைந்தது.

"தம்பி, கேக்குதோ?" வயதான குரல்.

"ஓம், கேக்குது."

"கெதியாக் கதை. காத்துக்குத் தொப்பி பறக்குது. நாப்பது கன்றும் நட்டது உன்ரை கைதானே?"

"என்ரை கைதான். காக்கா தந்து..."

"அது அவன்ரை பாவம். அதை நாங்கள் கேக்கேல்லை. எந்த வீட்டிலை சாப்பிட்டனீ?"

"ரண்டு வீட்டிலையும்."

அங்கே ஒரு முணுமுணுப்பு. கிழவர் இருமினார்.

"மரம் ரண்டு வீட்டிலை நிக்காது, தம்பி. ஒண்டு சொல்லு."

மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. எட்டாவது வாயாக என்னைச் சேர்த்துக்கொண்ட கோப்பை ஒரு பக்கம். வாழையிலை மூடிய கோப்பை மறுபக்கம். தன் நிலத்தில் மற்றவனுக்காகக் குழி தோண்டிய கைக்கு, அன்று மத்தியானமும் சாப்பாடு வைத்தவள்.

"அக்கா வீட்டிலை," என்றேன். "அக்கா வீட்டிலைதான் சாப்பிட்டனான்."

'தான்' என்பதை நானாகத்தான் சேர்த்தேன். அது பொய். அந்த ஒரு சொல்லால் காக்கா வீட்டுச் சாப்பாடு முழுவதையும் துப்பினேன்.

"எல்லாரும் கேட்டியளோ?" என்று கிழவர் காற்றைப் பார்த்துக் கத்தினார். பல குரல்கள் கேட்டோம் என்றன. ஒரு பெண்குரல் அழுததா, சிரித்ததா, தெரியவில்லை. பிறகு ஃபோன் கை மாறியது. மூச்சிலேயே ஆளைத் தெரிந்தது.

"சுகமா இருக்கிறியோ, தம்பி?"

"ஓம், காக்கா."

"நாப்பதும் நிக்குது. ஒண்டும் சாகேல்லை. நல்ல கை உனக்கு."

"காக்கா, ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் நட்டிருப்பியோ?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. காற்றில்லை, சிகரெட்டை இழுக்கிறார். ஃபோன் காட்டில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று பதிவுசெய்த பெண்குரல் ஒன்று பிரெஞ்சில் குறுக்கிட்டுச் சொன்னது.

"சரி, வைக்கப் போறன்," என்றார் காக்கா. "ஒண்டு மட்டும் சொல்லு, தம்பி. இண்டைக்கு எந்த வீட்டிலை சாப்பாடு?"