சமையல் மேடையின் உயரம்

எங்கள் வீட்டுக்குப் பிளான் போட்ட இன்ஜினியர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. உக்கடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹாலில் தாளை விரித்து வைத்து, வாசல் எந்தப் பக்கம், படுக்கையறைக்கு எத்தனை ஜன்னல் என்று என் கணவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நடுவில் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வர, கணவர் எழுந்து உள்ளே போனார். இன்ஜினியரும் சமையலறைக்கு வந்திருந்தார், அதாவது தாளில். என் பக்கம் திரும்பினார். சிங்க் எந்தப் பக்கம் இருந்தால் உங்களுக்கு வசதி, மிக்ஸிக்குத் தனி இடம் வேண்டுமா, மேடை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று கேட்டார்.

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் இருப்பதுபோல வைத்துவிடுங்கள் என்றேன். உள்ளே இருந்து கரண்டியும் கையுமாக வெளியே வந்தார் என் கணவர். சிங்க் வலது பக்கம், அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் காய் நறுக்க ஒரு முழம் இடம், மேடை வழக்கத்தைவிட அரையடி உயரம் என்று கடகடவென்று சொன்னார். இன்ஜினியர் அவரைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சமைப்பது அவர்தான். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். அவர் எரிந்துபோன விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் புதிதாகக் காயில் சுற்றிக் கட்டுகிறவர். கருமத்தம்பட்டியில் கடை வைத்திருக்கிறார், சாவகாசமாகத்தான் திறப்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் தொழில் பழகிய காலத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியவர். அங்கே ஆளுக்கொரு நாள் சமையல் என்று ஆரம்பித்து, கடைசியில் இவர் கைக்கே எல்லாரும் பழகிவிட்டார்களாம். எனக்கு சமையலில் பெரிய ஆர்வம் கிடையாது. அவருக்கு அது இல்லாமல் நாள் விடியாது. ஆக எங்களுக்குள் அதில் பிரச்சினையே வந்ததில்லை.

அவருடைய அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. மாமனார் இறந்த பிறகு அத்தை தோட்டத்து வீட்டில் மாடுகளோடு தனியாக இருந்தார். எங்களைப் பார்க்க வருகிற நாட்களில் இவர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சமைத்து முடித்துவிட்டு ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். நான் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாறுவேன். அத்தை விரலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஊரில் போய் மருமகளின் கைமணத்தைப் பற்றிச் சொல்லுவார். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதை அவர் தன் வீட்டில் கண்டதே இல்லை, தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார் என்று இவர் நினைத்தார். நானும் ஒத்துக்கொண்டேன்.

"அம்மா கேட்டா, நீதான் ஒசரமா வேணும்னு சொன்னேன்னு சொல்லிக்கலாம்" என்றார், இன்ஜினியர் போன பிறகு.

"நான் இருக்கற ஒசரத்துக்கு அதை ஆருங்க நம்புவாங்க?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாகம் பிரித்ததில் இவருக்கு வந்த நிலத்தில்தான் வீடு. கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே பிரிகிற தார்ச்சாலை ஓரத்தில், அத்தையின் தோட்டத்துக்கு நடந்து போகிற தூரம். அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அத்தை அந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். காலையில் மாட்டைக் கட்டிவிட்டு வந்து, ஹோஸ் பைப்பைப் பிடித்துச் சுவர் முழுக்கத் தண்ணீர் அடிப்பார். எங்களால் ஞாயிற்றுக்கிழமைதான் முழு நாளும் அங்கே இருக்க முடியும். ஒவ்வொரு வாரமும் ஸ்கூட்டரில் போகும்போது இந்த வாரம் எது எழும்பியிருக்கும் என்று பேசிக்கொண்டே போவோம். கூரைக்கு அடியில் முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்த வாரத்தில் உள்ளே வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டி எடுத்து வந்த சோற்றைச் சாப்பிட்டோம். எங்கள் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்தது. சொந்த வீட்டில் கேட்கிற முதல் சத்தம் இது என்று எனக்குத் தோன்றியது.

சமையல் மேடைக்குச் செங்கல் வைத்துக் கட்டிய வாரம் நாங்கள் போனபோது, மேடை தாழ்ந்து இருந்தது. தரையெல்லாம் உடைந்த செங்கல் துண்டுகள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, பெரியம்மாதான் இடித்துக் குறைக்கச் சொன்னார்கள் என்றார். மறுநாள் மேலே கிரானைட் கல் போடுவதாக ஏற்பாடு. கல்லைப் பதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

அத்தை பின்பக்கச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"கணக்கு வழக்கில்லாம ஒசரமாக் கட்டிப்போட்டாங்க கண்ணு. நீ நின்னா நெஞ்சுக்கு வரும். தெனமும் அதுல நின்னு ஆக்கிப் போடறவ நீ. இவங்களுக்கு என்ன தெரியும்? இப்ப வந்து நின்னு பாரு."

என் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்த மேடை முன்னால் நிறுத்தினார். எனக்கு அது கச்சிதமாக இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்தச் செங்கல் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். சரி, விட்டுவிடலாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, அதை அப்படிக் கட்டச் சொன்னது நானுங்க" என்றார். "ஊட்டுல சமைக்கறது நான்தானுங்க."

"என்னைக்காச்சும் செய்யறதா?"

"தெனமுங்க. கல்யாணம் ஆனதுல இருந்தே."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே போய்ப் பைப்பை மூடினார், சுருட்டி ஆணியில் மாட்டினார், பால் கறக்க நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பால் கறக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அந்த வாரம் அத்தை வரவில்லை. கல் போடுகிறவர்களை இவர் நிறுத்தி வைத்தார். எவ்வளவு உயரத்துக்குக் கட்ட என்று மேஸ்திரி போன் செய்து கேட்டபோதெல்லாம், அம்மா வரட்டும் என்றே சொன்னார். நம் வீடுதானே, நமக்கு வேண்டிய மாதிரி கட்டிக்கொள்வதற்கு என்ன என்று நான் கேட்டேன். அம்மாவைக் கேட்காமல் கட்டினால் அந்த மேடையில் நின்று தனக்குச் சமைக்க வராது என்றார். கடையைத் திறப்பதற்கு முன்னால் தினமும் போய் அவரே சுவர்களுக்குத் தண்ணீர் அடித்தார். தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தார். அத்தை டீ கொடுத்தார், மாட்டைப் பற்றிப் பேசினார், வீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுவர்களில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அத்தை உள்ளே, அந்தத் தாழ்ந்த மேடையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் கேட்டார்.

"ஏன் அம்மணி, எனக்குப் பித்தப்பைக் கல்லு ஆபரேசன் ஆனப்ப, நீ ராவும் பகலும் என்ற பக்கத்துலயேதான இருந்த?"

"ஆமாங்க அத்தை."

"வேளாவேளைக்குத் தூக்குல ரசமும் குழைஞ்ச சோறும் வந்துச்சே. நீ எங்கூட இருந்தா அதை ஆரு வெச்சதுன்னு அப்ப எனக்கு ரோசனையே போகலை. இந்த வாரம் பூரா அதேதான் நெனப்பு." பிறகுதான் மகனைப் பார்த்தார். "நீதானா கண்ணு?"

அவர் தலையாட்டினார்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வயசுக்கு வந்த நாள்ல இருந்து ஆக்கிப் போடறேன். எனக்குன்னு ஒருத்தரு ஆக்கிக் கொண்டுவந்தது அப்பத்தான். சொல்லியிருந்தா, அது என்ற பையன் கைச்சோறுன்னு தெரிஞ்சே தின்னுருப்பேன். எங்கிட்ட எதுக்குச் சாமி மறைச்சே?"

மனசு கஷ்டப்படுவீர்கள் என்று நினைத்ததாக இவர் மெதுவாகச் சொன்னார். கஷ்டமாகத்தான் இருந்தது, இரண்டு நாள், என்றார் அத்தை ஒளிக்காமல். அதற்கப்புறம், தெரியாமலே இத்தனை காலம் போய்விட்டதே என்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். பிறகு மேடையிலிருந்து இறங்கி, மேஸ்திரிக்குப் போன் போடச் சொன்னார். ஒசத்திக் கட்டச் சொல்லுவதோடு நிற்கவில்லை. மகனை மேடை முன்னால் நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே எவ்வளவு வேண்டும் என்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டார். இன்ஜினியர் குறித்திருந்த உயரமும் கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

புதுமனைப் புகுவிழா அன்று பால் காய்ச்ச என்னைத்தான் நிறுத்தினார்கள். பால் பொங்குவது தெரிய நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சொந்தக்காரப் பெண்கள் சிரித்தார்கள். யாருங்க இவ்வளவு உயரத்தில் கட்டியது என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தின் பின்னால் இருந்து அத்தை பதில் சொன்னார்.

"என்ற பையன் ஒசரத்துக்கு அளவெடுத்துக் கட்டுனது. அவன்தான சமைக்கறான்."

என் கணவரின் காது சிவந்துவிட்டது. அதற்குள் பால் பொங்கிவிட, எல்லோர் கவனமும் அதில் போயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டொரு ஆண்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒருவர் கை கழுவும் இடத்தில் அவரை ஓரமாக அழைத்துப் போய், ரசத்துக்கு மிளகு எப்போது தட்டிப்போடுவது என்று கேட்டாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மகன் தாளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் சில வாரங்கள் எழுந்து எழுந்து உதவப் போனார். இப்போது அதுவும் இல்லை. காம்பவுண்டுச் சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது, வாசலுக்குக் கேட் வர வேண்டும், மழைக்கு முன் பின்பக்கம் ஒரு முருங்கை வைக்க வேண்டும் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

போன வாரம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கெழம என்ற தங்கச்சியும் வாரா. அவளுக்கும் சேர்த்து ஒலை வெய்யி. புளி மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்க."