அம்மா வீட்டு போன் நம்பர்

ஆவடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது என் வேலை. முதல் சோதனையில் தேறாத குழந்தையை, ஒரு மாதத்தில் போனில் கூப்பிடும்போது திரும்பக் கொண்டுவரச் சொல்வோம். பலர் வருவதில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதி, மாதக் கடைசியில் பட்டியலை முடித்து அனுப்ப வேண்டும்.

ஒரு மாதம் நான் அனுப்பவில்லை.

“இன்னாமா, லிஸ்ட் இன்னும் வரல?” என்றார் எங்கள் பிரிவு அதிகாரி.

“எழுத மனசு வரல சார். நாமதான் அவங்களைச் சரியா கூப்பிடலையோன்னு தோணுது.”

“போன் பண்ணியாச்சுல்ல? பெத்தவங்களுக்கே அக்கறை இல்லன்னா நாம இன்னா பண்றது?”

எனக்குச் சுருக்கென்றது. என் தம்பிக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவனுக்கு மூன்று வயது. அதுவரை, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை என்று அவனை அடித்திருக்கிறோம். நானும் அடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அக்கறைக்குக் குறைவே இல்லை.

பழைய பட்டியல்களை எடுத்து வரிவரியாகப் படித்தேன். வராதவர்களில் பெரும்பாலும் தலைப்பிரசவக்காரிகள். முகவரி புருஷன் வீடு, நம்பரும் புருஷனுடையது. பெண்ணோ குழந்தையோடு அம்மா வீட்டில். நாங்கள் கூப்பிட்ட நேரம் பகல் பதினொரு மணி. அந்த நேரத்தில் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் முன்னால் நிற்பான்.

அதிகாரியிடம் காட்டி, அம்மா வீட்டு முகவரியையும் நம்பரையும் வாங்கி எழுத வேண்டும் என்றேன்.

“ஃபாரத்துல அதுக்கெல்லாம் இடமில்லமா.”

“ஓரத்துல எழுதிக்கிறேன் சார்.”

“மேல கேட்டா?”

“நான்தான் எழுதுனேன்னு என்னைக் கை காட்டுங்க.”

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தாயிடமும், “இங்கேருந்து எந்த வீட்டுக்குப் போறே? உன் கையில எந்த போன் இருக்கும்?” என்று கேட்டு எழுதினேன். பழைய பட்டியலில் இருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போனேன்.

கோவில்பதாகையில் ஒரு வீட்டில் புருஷன் மட்டும் இருந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கம்பெனி உள்ள போன் எடுத்துகினு போவ முடியாது. அவ வேப்பம்பட்டுல அவங்க அம்மா ஊட்ல கீறா.”

அன்றே ரயில் ஏறினேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

“கூப்புடுவோம்னு சொன்னீங்க. என் போனையே பாத்துகினு இருந்தேன்க்கா. கதவை டமால்னு சாத்துனாகூட இவ முழிக்க மாட்டா. நல்லா தூங்குற புள்ளன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குதான் பயமா கீது.”

பட்டியலை அனுப்பியிருந்தால் இவள் பெயருக்கு எதிரேயும் ‘வரவில்லை’ என்றுதான் எழுதியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். அந்தச் சோதனையிலும் குழந்தை தேறவில்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதி செய்தார்கள். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காது மிஷின் எப்ப குடுப்பீங்க?” என்று கேட்டாள். ஆறாவது மாதத்தில் குழந்தைக்குக் காதில் கருவி மாட்டினார்கள். அம்மா கூப்பிட்டதும் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

ஃபாரத்தில் அம்மா வீட்டு நம்பருக்குப் புதுக் கட்டம் போடச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிப் போட்டேன். பதில் இல்லை. நாலாவது கடிதத்தில் அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கும் பதில் வராவிட்டால் ஐந்தாவது எழுதுவேன்.