அலாரம் வைத்துச் சாப்பிட்டவர்

சாலைக் கடைத்தெரு பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் டோக்கனோடு காத்திருந்தேன். சர்க்கரையும் எடையும் குறைய வாரம் ஒரு ஊசி தொடங்கலாமா என்று டாக்டர் கேட்டிருந்தார். அன்று பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் இருந்தவரின் பெல்ட்டில் புதிதாகப் போட்ட நாலு ஓட்டைகள் இருந்தன. அவர் போனில் அலாரம் அடித்ததும் டப்பாவைத் திறந்து, மாத்திரை விழுங்குவது போல முகம் சுளித்து ஒரு இட்லியைத் தின்றார்.

"பசிச்சு தின்னல்ல அண்ணாச்சி. ஊசி தொடங்கினதுல இருந்து பசியே இல்ல. சுகர் மாத்திரையும் உண்டு பாத்துக்கிடுங்க. தின்னாம இருந்து ஒருக்க சுகர் ரொம்பத் தாழ்ந்து பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்தேன். டாக்டர் மாத்திரையைக் குறைச்சாரு, நேரத்துக்குத் தின்னணும்னாரு. அதுக்காக்கும் அலாரம்."

"அப்போ ஊசி வேண்டாமா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"நல்ல கதை! சுகர் இறங்கியாச்சு, முட்டு வலி போயாச்சு. மாடிப்படி ஏறுதேன்லா!" என்று சிரித்தவர், டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார். "ஓணத்துக்கு மூணு பாயசம் குடிக்கிய ஆளு நான். இந்தத் தடவை இலையைப் பாத்ததும் குமட்டிட்டு."

மீதி இட்லியை என்னிடம் நீட்டினார். மறுக்கக் கூச்சப்பட்டு வாயில் போட்டதும் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"தொடங்கலாமா?" என்றார் டாக்டர். நல்லவேளை, வாயில் இட்லி இருந்தது.

அவ்வளவு ருசியான இட்லியை அவர் எப்படி முகம் சுளித்துத் தின்றார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.