நன்றி எழுதிய பக்கம்

அவர் பெயரை நான் கேட்டதில்லை. மாவட்ட மன்ற அலுவலகத்தில் நில வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டும் தமிழர். ஒல்லியான உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். வண்ணப் பென்சில்களை பிளேடால் சீவுவார். படத்தில் விழுந்த தூளை மெல்ல ஊதித் தள்ளுவார்.

எண்பதுகளில் எங்கள் வட்டாரத்து வளர்ச்சித் திட்டத்தை அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போனோம். படத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு ஊதா நிறம் அடித்திருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னோம். அவர் மேசைமேல் இருந்த தடித்த புத்தகத்தைக் காட்டி, "பாத்தவங்க எழுதலாம்" என்று தன் பேனாவையே நீட்டினார். வந்த இடத்தில் மரியாதை வேண்டுமல்லவா? "மிகவும் நன்றி" என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த ஆண்டு லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஊதா என்றால் தொழிற்சாலையாம். அவரிடம் ஓடினேன்.

"அது ஆட்சேபம் எழுதுற புக்குலா. யாரும் ஆட்சேபிக்கலன்னு முடிவாயிருச்சு."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"என்ன எழுதணும்னு நாங்க சொல்லித் தரக்கூடாது. ரூல்ஸ் அப்படி."

மறுபடி பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

ரூல்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். அன்று நாங்கள் நன்றி எழுதி முடித்ததும், மை காயும்வரை அந்தப் பக்கத்தை அவர் ஏன் அவ்வளவு பக்குவமாக ஊதினார்?