துடுப்பில் கேட்ட நெஞ்சு

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்களை ஒரே வாரத்தில் எடுத்தேன். காலையில் குருதிச் சுற்றோட்டம், பின்னேரம் அதிர்வுகளும் அலைகளும். விஞ்ஞான வாத்தியாருக்கு இதெல்லாம் வாயில் தானாக வரும். வலது சோணை, வலது இதயவறை, நுரையீரல், இடது சோணை, இடது இதயவறை, பிறகு உடம்பெல்லாம். "புறப்பட்ட குருதி எங்கே சுற்றினாலும் கடைசியில் வீட்டுக்குத் திரும்பிவிடும்" என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். என் பொஞ்சாதி லண்டனுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கத்தான் போனாள். கொஞ்ச நாளில் வருவதாகச் சொன்னாள். பேரப்பிள்ளை இப்போது தவழ்கிறது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் சோறு தின்றுவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்தேன். தலையணைக்குள் யாரோ நடந்தார்கள். டுக், டுக், டுக். காது அழுந்தினால் காதோரத்து நாடி அடிப்பது கேட்கும், அதில் புதினமில்லை. ஆனால் நடுவில் ஒரு டுக் வரவில்லை. வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு, பிந்தி வந்த மாணவன் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல ஒன்று பெரிதாக வந்து இடித்தது.

எழுந்து உட்கார்ந்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பயத்தில் அது ஓடிய ஓட்டத்தில் எதையும் எண்ண முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் "கூட ஆர் வந்தது?" என்று கேட்பார்கள். ஆகவே வீட்டிலேயே ஒழுங்காகச் சாக ஏற்பாடு செய்தேன். சவரம் செய்தேன். நல்ல சாரம் உடுத்தேன். முன்கதவின் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டேன், உடைத்துக்கொண்டு வரவேண்டி நேர்ந்தால் அந்தக் கதவை மறுகா யார் திருத்துவது? பிணமான பிறகும் தச்சனைத் தேடி அலையும் ஆள் நான்.

இவ்வளவு பயத்துக்கும் அடியில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. வருத்தம், நோய் என்று ஒன்று வந்தால் பொஞ்சாதியைக் கூப்பிட ஒரு காரணம் கிடைக்கும். தனிமைக்கு எந்த டாக்டரும் மெடிக்கல் எழுதித் தரமாட்டார்.

சாகாமலே விடிந்தது. வாசலில் மச்சான் நின்றார், என் பொஞ்சாதியின் தமையன். வீட்டுக்கு முன்னால் உள்ள உப்புநீர் வாவியில்தான் அவருக்கு மீன்பிடித் தொழில்.

"என்ன மச்சான், கதவு ஆவெண்டு கிடக்கு? உள்ளுக்க நாய் படுத்திரிக்கு."

"காத்து வரட்டுமெண்டு."

"முகம் ஊறின சோறு மாதிரி இரிக்கு. வா, ஆத்துக்குப் போயிற்று வருவம்."

எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். தோணியில் முன்பக்கம் இருந்தேன். அவர் பின்னால் நின்று கம்பு ஊன்றினார். கரையின் சத்தமெல்லாம் விலகியதும் என் நெஞ்சுதான் மிச்சமாய்க் கேட்டது. அதைத் தவிர வேறு எதையாவது கேட்க ஆசைப்பட்டு, கிடந்த துடுப்பை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தேன். நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்க இங்கே எல்லாரும் செய்வதுதான். பகலில் யாரும் செய்வதில்லை.

"பகல்ல பாடாது மச்சான். அதுகளும் டியூசனுக்குப் போயிரிக்கும்."

துடுப்பில் கேட்டது. டும். டும், டும். பிறகு ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. டும்.

"மச்சான், கரைக்குத் திருப்பு."

"ஏன்?"

"நெஞ்சு நிண்டு நிண்டு அடிக்கிது. துடுப்பிலயே கேக்குது." தோணியின் அடியில் சரிந்து படுத்தேன். "உன்ர தங்கச்சிக்குச் சொல்லு."

"என்னெண்டு சொல்ல?"

"ஒண்டும் விளக்கம் வேணாம். வரச் சொல்லு."

மச்சான் கம்பை வைத்துவிட்டுத் துடுப்பை வாங்கித் தன் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"எனக்கும் நிண்டு நிண்டுதான் அடிக்கிது. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சவப்பெட்டியாச் சொல்லுவமா?"

அப்போதுதான் என்னுள் இருந்த வாத்தியார் கண் விழித்தார். துடுப்பைப் பிடுங்கி வலக்காதில் வைத்து, மணிக்கட்டில் விரலை அழுத்தினேன். மணிக்கட்டில் குதிரை ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடியது. துடுப்பில் வந்தது வேறொரு துடிப்பு. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு தோணி. வலையை வளைத்துக் கட்டிவிட்டு, மீன் வலைப்பக்கம் ஓடட்டும் என்று ஒருவர் கம்பால் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தார். கம்பு விழுந்தவுடனே வலக்காதில் டும். ஒரு கணம் கழித்து, காற்று வழியாக, இடக்காதில் தப். ஒரே அடிதான். ஒலி காற்றைவிடத் தண்ணீரில் நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் கம்பை வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். துடுப்பு அமைதியானது. சற்று முன் துடுப்பில் நான் செத்ததும் இப்படியொரு பீடிக்காகத்தான் இருக்கவேண்டும்.

மச்சான் தோணி ஆட ஆடச் சிரித்தார். ஆனால் விடவில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் நெஞ்சில் வயர்களை ஒட்டிக் கோடு எடுத்துப் பார்த்தார். இடையிடையே ஒரு துடிப்பு முந்தி வருகிறது, அதனால் அடுத்தது பிந்துகிறது, பயப்பட ஒன்றுமில்லை, தேத்தண்ணியைக் குறையுங்கள் என்றார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, எழுதி வைத்த லீவுக் கடிதத்தை யாரோ கிழித்துப் போட்டதுபோல இருந்தது.

பின்னேரம் பொஞ்சாதி லண்டனிலிருந்து போன் எடுத்தாள். முழுக்கதையையும் பகிடியாகவே சொன்னேன். பெட்டிக்குச் சிரித்தாள். பீடிக்கு, இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"இஞ்சருங்க. கதவ ஏன் தாழ்ப்பாள் போடாம விட்டீங்க?"

"காத்துக்கு."

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"போனை நெஞ்சில வைங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"வைங்களன்."

சட்டையைத் திறந்து வைத்தேன். பேச்சுக் குரலைத் தவிர மற்ற எதையும் இரைச்சல் என்று வெட்டிவிட்டுத்தான் இந்தப் போன்கள் அனுப்பும். அதுவும் நெஞ்சின் தாழ்ந்த சத்தம் கடல் தாண்டவே தாண்டாது. வாத்தியாருக்கு இது தெரியும்.

"கேக்குதா?" என்று குனிந்து கேட்டேன்.

"ஓம்" என்றாள் அவள். "நல்லாக் கேக்குது. எடுக்காதீங்க."

நான் எடுக்கவில்லை. கை உளைந்தபோது மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.